ஐரோப்பாவில் பிக்பாக்கெட்: பாஸ்போர்ட், போன், பணத்தை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி இதுதான்: அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு முதல் முறையாகப் பாரிஸ், பார்சிலோனா, ரோம், வெனிஸ் போகிறோம். பிக்பாக்கெட் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். திருட முடியாத பை என்று விற்கிறார்களே, வாங்கலாமா? பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருப்பதா, ஹோட்டலில் விட்டுவிட்டுப் போவதா? அம்மா தாலிச் சங்கிலியைக் கழற்ற மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பை வாங்குவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிரித்து வைக்கப் பழகுங்கள். ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துப் போவதுதான் என் வேலை. நம் குடும்பங்களில் நான் அதிகம் பார்ப்பது ஒரே ஒரு பழக்கம்: எல்லாரும் தொலைத்துவிடுவார்கள், நானே வைத்துக்கொள்கிறேன் என்று குடும்பத் தலைவர் ஒரு சின்னத் தோள்பையை மாட்டிக்கொள்வார். ஆறு பாஸ்போர்ட், மொத்த யூரோ, எல்லா கார்டுகள், இன்சூரன்ஸ் காகிதம், எல்லாமே அதற்குள். பொறுப்புள்ள மனிதர் என்பதால்தான் அப்படிச் செய்கிறார். ஆனால் அந்தப் பை போனால் அன்றோடு பயணம் முடிந்தது. அதையே ஆறாகப் பிரித்திருந்தால் ஒருவர் பர்ஸ் போகும், மற்ற ஐந்து பேரை வைத்துச் சமாளித்துவிடலாம்.

திருட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் பாதுகாப்பு புரியும். பாரிஸ் மெட்ரோ 1ஆம் லைனில் பலே ரோயால் என்று ஒரு ஸ்டேஷன், லூவ்ர் மியூசியத்துக்கு இறங்கும் இடம். மாலையில் மியூசியம் பார்த்துக் கால் ஓய்ந்த கூட்டம் பிளாட்ஃபாரத்தில் நிற்கும். அவர்களுக்கு நடுவில் நாலு பெண்கள். நல்ல உடை, கையில் மியூசியம் வரைபடம், பார்த்தால் கல்லூரி மாணவிகள் போல இருப்பார்கள். ரயில் வந்து கதவு திறந்ததும் அவர்களில் ஒருத்தி உங்களுக்கு முன்னால் ஏறி, வாசலைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடுவாள். சரியான ரயில்தானா என்று சந்தேகம் வந்தவள் போலத் திரும்பித் தோழியிடம் ஏதோ கேட்பாள். நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். பின்னால் இருவர் ஏறுகிற அவசரத்தில் உங்களை நெருக்குவார்கள். உங்கள் ஒரு கை பிள்ளையின் கையில், இன்னொரு கை மேல் கம்பியில். பக்கத்தில் நிற்பவளின் முழங்கையில் மடித்துப் போட்ட ஜாக்கெட் ஒன்று தொங்கும். வேலை நடப்பது அந்த ஜாக்கெட்டுக்குக் கீழே. கதவு மூடும் ஒலி கேட்டதும், ஏதோ தப்பான ரயிலில் ஏறிவிட்டது போல நாலு பேரும் இறங்கிவிடுவார்கள். உங்களுக்கு விஷயம் தெரியும்போது ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டியிருக்கும். எடுத்தவளைப் பிடித்தாலும் பர்ஸ் அவளிடம் இருக்காது, கை மாறியிருக்கும்.

முன்னால் ஒருவர் காரணமில்லாமல் நிற்பது, பின்னால் நெருக்குவது, கையை மறைக்க ஒரு துணியோ காகிதமோ. நகரம் மாறினாலும் இந்த மூன்றும் மாறாது. எஸ்கலேட்டர் முடிகிற இடம், பஸ் படி, ரயில் கதவு, டிக்கெட் கேட் ஆகியவற்றில் உங்கள் முன்னால் போகிறவர் சட்டென்று நின்றால், அவரைப் பார்க்காதீர்கள். உங்கள் பையின் ஜிப் மேல் கையை வையுங்கள். இந்த ஒரு பழக்கம் நாலாயிரம் ரூபாய் பையைவிட உதவும்.

மற்றதெல்லாம் இதன் வேறு வடிவங்கள். காது கேளாதோருக்காகக் கையெழுத்து வாங்குகிறோம் என்று அட்டையை நீட்டுவார்கள். நீங்கள் குனிந்து எழுதும்போது அந்த அட்டை உங்கள் பையை உங்கள் கண்ணிலிருந்தே மறைத்துவிடும். பாரிஸில் சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் வழியில் கையைப் பிடித்து நூல் வளையல் கட்டிவிடுவார்கள். அப்புறம் காசு கேட்டுச் சூழ்ந்துகொள்வார்கள், ஒரு கை அவர்கள் பிடியிலேயே இருக்கும். பார்சிலோனாவில் உங்கள் சட்டையில் ஏதோ அழுக்கு தெறிக்கும். பறவை எச்சம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் டிஷ்யூவோடு துடைக்க ஓடி வருவார். நன்றி சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள், ஹோட்டலில் துடைத்துக்கொள்ளலாம். ஐஃபில் கோபுரத்தின் பக்கம் மூன்று கிண்ணத்தில் பந்து ஒளித்து விளையாட்டுக் காட்டுவார்கள். சுற்றி நின்று ஜெயிப்பவர்கள் அவர்களுடைய ஆட்களே. வேடிக்கை பார்க்கிறவர் பணத்தை எந்தப் பாக்கெட்டிலிருந்து எடுக்கிறார் என்று கவனிக்கவும் அங்கே ஆள் உண்டு.

கஃபேயில் போனை மேசைமேல் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். வரைபடத்தையோ பத்திரிகையையோ விரித்துக்கொண்டு ஒருவர் வழி கேட்பார். காகிதம் போனின் மேல் இறங்கும், போகும்போது காகிதத்தோடு போனும் போகும். நாற்காலி முதுகில் மாட்டிய கைப்பைக்கும் அதே கதி. பையின் வாரை உங்கள் தொடையைச் சுற்றிவிட்டு உட்காருங்கள்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. மெட்ரோ டிக்கெட் மெஷினில் கார்டு போட்டு பின் நம்பர் அடிக்கிறீர்கள். உதவுகிறேன் என்று ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார், அல்லது பின்னால் வரிசையில் இருப்பார். நம்பரைப் பார்த்துக்கொண்டு, அடுத்த பத்து நிமிடத்தில் கார்டை எடுத்தால் நேரே ஏ.டி.எம்.தான். வெறும் பர்ஸ் போவதைவிட இது பல மடங்கு நஷ்டம். பின் நம்பர் அடிக்கும் கையை இன்னொரு கையால் மூடுங்கள். உதவிக்கு வருகிறவர் யூனிஃபார்மில் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எந்த இடத்தில் எவ்வளவு கவனம் என்று கேட்டால், என் கணக்கில் முதலில் வருவது பாரிஸ். 2013 ஏப்ரலில் லூவ்ர் மியூசியம் ஒரு நாள் மூடிக் கிடந்தது. பிக்பாக்கெட் கும்பல்கள் உள்ளேயே வந்து தொல்லை தருகின்றன என்று ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2015 மே மாதம் ஐஃபில் கோபுர ஊழியர்களும் அதே காரணத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் ஆர்.இ.ஆர். பி ரயிலில் தூக்கக் கலக்கமும் பெட்டிகளுமாக இருப்பீர்கள், அதில் கூடுதல் கவனம் தேவை. பெரியவர்கள் கூட இருந்தால் முதல் நாள் டாக்சி எடுத்துவிடுங்கள், அந்தச் செலவு வீண் இல்லை. அப்புறம் லா சப்பல். கார் து நோர் ஸ்டேஷனை ஒட்டியே ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள். தமிழ் போர்டும் தோசை வாசனையும் கண்டதும் மனம் ஊருக்கு வந்துவிட்டது போலத் தளர்ந்துவிடும். கடைக்காரர்கள் அன்பானவர்கள், அவர்களே பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிப்பார்கள். ஆனால் அந்த ஸ்டேஷனும், பக்கத்தில் சிகரெட் விற்பவர்கள் கூட்டமாக நிற்கும் பார்பெஸ் மெட்ரோ வாசலும் பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனவை.

பார்சிலோனாவில் லா ரம்ப்ளா வீதி, சக்ராதா ஃபமிலியா தேவாலயம், 3ஆம் மெட்ரோ லைன், சாண்ட்ஸ் ஸ்டேஷன். கடற்கரையில் துணிமேல் பையை வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். பிடிபட்டவரே திரும்பத் திரும்ப அதே பிளாட்ஃபாரத்துக்கு எப்படி வருகிறார் என்று எல்லோருக்கும் கேள்வி வரும். ஸ்பெயின் சட்டத்தில் 400 யூரோவுக்குள் திருடினால் சிறு குற்றம், பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். மீண்டும் மீண்டும் செய்கிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்ட 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இருந்தாலும் உங்கள் பர்ஸைச் சட்டம் காக்கும் என்று நம்பிப் போக முடியாது.

ரோமில் டெர்மினி ஸ்டேஷனிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் நம்பர் பஸ், மெட்ரோ ஏ லைன். வெனிஸில் வப்போரெத்தோ படகில் ஏறி இறங்கும் துறைகள், ரியால்டோ பாலம், கூட்டம் தேங்கும் சின்னச் சந்துகள். 2023இல் வெனிஸ்வாசி ஒருவர் ‘அட்டென்சியோனே (கவனம்), பிக்பாக்கெட்!’ என்று கத்துகிற வீடியோ உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கலாம். அந்தக் கத்தலுக்குப் பயன் உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் அடிதடிக்கு வருவதில்லை, எல்லோர் கண்ணும் தங்கள்மேல் விழுவதைத்தான் விரும்ப மாட்டார்கள். பையில் கை பட்டதாகத் தோன்றினால் தமிழிலேயே உரக்கக் கத்துங்கள். துரத்திக்கொண்டு மட்டும் ஓடாதீர்கள். பிள்ளைகளையும் பெட்டிகளையும் விட்டு நீங்கள் ஓடினால், கும்பலில் மிச்சம் இருப்பவர்களுக்கு அது வசதியாகிவிடும்.

ப்ராக் நகரில் பழைய கடிகாரம் மணியடிப்பதை அண்ணாந்து பார்க்கும் நேரம், லிஸ்பனில் 28ஆம் நம்பர் டிராம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். சுவிஸ் மலைக் கிராமங்களில் இவ்வளவு பதற்றம் தேவையில்லை, பெரிய ஸ்டேஷன்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

இப்போது பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யும் நமக்கு இதைவிட விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அதில்தான் ஒட்டியிருக்கிறது. தொலைந்தால் இந்தியத் தூதரகம் தருவது பெரும்பாலும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட், அது ஒரு வழிப் பயணமாக இந்தியா திரும்புவதற்கு மட்டுமே. அங்கிருந்து லண்டன் போகலாம் என்று திட்டமிருந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால் நான் சொல்லும் முறை: நகரம் மாறும் நாட்களில் பாஸ்போர்ட் அவரவர் உடம்பில், சட்டைக்கு உள்ளே, இடுப்பில் கட்டும் மெல்லிய பையில். பிள்ளைகளுடையது ஒன்று உங்களிடம், ஒன்று மனைவியிடம். ஊர் சுற்றும் நாட்களில் ரூம் லாக்கரில் விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் விசாப் பக்கமும் சேர்த்து எடுத்த கலர் ஜெராக்ஸ் கையில். பிரான்ஸிலும் இத்தாலியிலும் போலீஸ் கேட்டால் வெளிநாட்டவர் ஆவணம் காட்டியாக வேண்டும், சட்டப்படி அவர்கள் அசலையே கேட்கலாம். அதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன்: பிக்பாக்கெட் அபாயம் அதைவிடப் பெரிது. லாக்கர் இல்லாத அபார்ட்மென்ட் என்றால் அசல் உடம்பிலேயே இருக்கட்டும். கொலோசியத்துக்குப் பெயர் போட்ட டிக்கெட், அடையாள அட்டை கேட்பார்கள், அன்றைக்கு அசலை எடுத்துக்கொள்ளுங்கள். வரி திரும்பப் பெறும் ஷாப்பிங்குக்கும் அப்படியே.

இடுப்புப் பையைப் பற்றி ஒரு விஷயம். அதைத் தெருவில் திறந்தால் அதன் பயன் போய்விட்டது. அன்றைய செலவுக்கான பணத்தைக் காலையில் ரூமிலேயே எடுத்துத் தனியாக வையுங்கள். ஆண்களுக்கு நான் சொல்வது, புறப்படும் முன் ஊரில் தெரிந்த டெய்லரிடம் பேன்ட்டின் முன் பாக்கெட்டுக்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். சுடிதார், குர்த்திக்கும் உள்பக்கமாகப் பாக்கெட் வைத்துத் தருவார்கள். பின் பாக்கெட்டில் எதையும் வைக்க வேண்டாம், கைக்குட்டையைத் தவிர.

திருட முடியாத பை கேட்டீர்கள். உள்ளே கம்பி வைத்த துணி, பிளேடு போட்டாலும் கிழியாத வார் எல்லாம் இருந்தால் நல்லதுதான். ஆனால் அங்கே பெரும்பாலும் பிளேடு போடுவதில்லை, மெதுவாக ஜிப்பைத்தான் திறக்கிறார்கள். இரண்டு ஜிப் இழுப்பானையும் சேர்த்து ஒரு சேஃப்டி பின் குத்திவிட்டால், அதைக் கழற்ற இரண்டு கை வேண்டும், நேரமும் வேண்டும். ஜிப்பின் வாய் உடம்பின் முன்பக்கம் இருக்கும்படி குறுக்காக மாட்டுங்கள். முதுகுப்பையைக் கூட்டத்தில் முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், அங்கே உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் போகிறார்கள். கார்டிலிருந்து அலைவரிசையில் பணம் உறிஞ்சுவார்கள் என்று சொல்லி விற்கும் தடுப்புப் பர்ஸ் தேவையில்லை. கார்டை அப்படியே உருவிக்கொண்டு போகிறவர்கள்தான் அங்கே பிரச்சினை.

கார்டுகளையும் பிரியுங்கள். ஃபாரெக்ஸ் கார்டோடு (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய கார்டு) சில வங்கிகள் மாற்றுக் கார்டு ஒன்றும் தரும், இரண்டையும் ஒரே உறையில் வைத்திருப்பவர்கள் நிறைய. ஒன்று உங்களிடம், இன்னொன்று மனைவியிடம். வங்கி ஆப்பில் வெளிநாட்டு உபயோகத்துக்கான தொகையைக் குறைத்து வையுங்கள், பயன்படுத்தாத கார்டை அணைத்தே வையுங்கள். ஐரோப்பாவில் கார்டை மெஷினில் தட்டிப் பணம் கொடுத்தால் 50 யூரோ வரை பின் நம்பர் கேட்காது. கார்டை எடுத்தவனும் அதைத்தான் முதலில் செய்வான்.

அடுத்தது போன். அதற்குள் இருக்கும் இந்திய சிம் போனால் ஓ.டி.பி. வராது. ஓ.டி.பி. இல்லாமல் வங்கி, கார்டு, டிக்கெட் எதையும் தொட முடியாது. வீட்டில் கிடக்கும் பழைய போன் ஒன்றில் இந்திய சிம்மைப் போட்டு ரோமிங் வைத்து ரூம் லாக்கரில் விடுங்கள். தெருவில் எடுத்துப் போகும் போனில் ஐரோப்பிய இ-சிம் மட்டும் இருக்கட்டும். பயண நாட்களில் அந்தப் பழைய போன் அம்மாவின் உள்பாக்கெட்டில். இந்திய சிம்முக்கு சிம் பின் வையுங்கள், இல்லையென்றால் அதைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓ.டி.பி. அங்கே போகும். ஐஃபோனில் ‘ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்’, ஆண்ட்ராய்டில் ‘தெஃப்ட் டிடெக்ஷன் லாக்’ இருந்தால் புறப்படும் முன்பே இயக்கிவிடுங்கள். மெட்ரோவில் கதவை ஒட்டிய இருக்கையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

அம்மாவிடம் தாலியைக் கழற்றச் சொல்ல வேண்டாம். கனமான சங்கிலியை மட்டும் வீட்டு லாக்கரில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றிலோ மெல்லிய சங்கிலியிலோ கோத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பலரும் மறுக்காமல் சம்மதிக்கிறார்கள். கழுத்து மூடிய உடை, மேலே ஒரு ஸ்கார்ஃப். சங்கிலி வெளியே தெரிந்தால் அங்கே நடப்பது பறிப்பு. நகையைவிட, அந்த இழுப்பில் அம்மா கீழே விழுந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். வளையல், நெக்லஸ் எதுவும் வேண்டாம்.

ரயிலில் பெட்டிகளைக் கதவருகே இருக்கும் ரேக்கில் வைத்தால் ஒவ்வொரு ஸ்டேஷன் நிறுத்தத்திலும் ஒருவர் எழுந்து நின்று பாருங்கள். ரோம், மிலான், வெனிஸ் ஸ்டேஷன்களில் பெட்டியை ஏற்றித் தருகிறேன் என்று வருபவர்களுக்குக் கையசைத்து வேண்டாம் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டினால், உள்ளே உங்கள் பையைப் பாருங்கள். ஹோட்டலும் விதிவிலக்கல்ல. செக்-இன் நேரத்தில் லாபியில் குவிந்திருக்கும் பெட்டிகள், காலை உணவு எடுக்கப் போகும்போது இடம் பிடிக்க நாற்காலியில் வைத்த கைப்பை ஆகியவற்றைத் தேடி நன்றாக உடுத்தியவர்கள் உள்ளே வருவார்கள். இடம் பிடிக்கத் துண்டு போடுவது போலக் கைப்பையைப் போட வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். மெட்ரோ ஏறும்போது அப்பா கடைசியாக ஏறட்டும், அவர் கையில் எதுவும் இருக்க வேண்டாம், முன்னால் போகிறவர்களின் பைகளை மட்டும் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கும் இது பிடிக்கும், அவர்கள் கண் நம்மைவிடக் கூர்மை.

இத்தனைக்கும் பிறகு திருட்டுப் போனால், முதல் வேலை கார்டை முடக்குவது. வங்கி நம்பர் போனில் மட்டும் இருந்தால் பயனில்லை, காகிதத்தில் எழுதி இரண்டு பேரிடம் இருக்கட்டும். அடுத்து, இன்னொருவர் போனிலிருந்து உங்கள் போனை ‘தொலைந்தது’ என்று பூட்டுங்கள். உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு போடுங்கள் என்று சில நாளில் குறுஞ்செய்தி வரும், தொடாதீர்கள். அவசரமென்றால் 112, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அதே நம்பர்.

போலீஸ் புகாரை அன்றே கொடுங்கள். பர்ஸ் திரும்பி வராது என்று தெரிந்தாலும் கொடுங்கள். இன்சூரன்ஸுக்கும் தூதரகத்துக்கும் அந்தக் காகிதம் வேண்டும். இத்தாலியில் 2022 இறுதியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பல வகைத் திருட்டுகளில் பறிகொடுத்தவர் புகார் கொடுத்தால்தான் வழக்கே நடக்கும். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் பாலிசியில் 30,000 யூரோ மருத்துவக் காப்பு கட்டாயம், திருட்டுக்கான காப்பு அப்படியில்லை. வாங்கும் முன் பாஸ்போர்ட் இழப்பு அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், ரொக்கத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

பாஸ்போர்ட் போனால் எந்த ஊருக்கு ஓட வேண்டும் என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள். வெனிஸில் தொலைத்தால் மிலானில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகம், ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். சனி, ஞாயிறு அலுவலகம் மூடியிருக்கும். அவசர நம்பரை அவர்கள் இணையதளத்திலிருந்து எடுத்து அதே காகிதத்தில் எழுதுங்கள். பாஸ்போர்ட் நகல், இரண்டு போட்டோ கூடவே இருந்தால் வேலை வேகமாக நடக்கும்.

திருடியவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு மற்றதைப் பக்கத்திலேயே வீசிவிடுவது வழக்கம். சுற்றியிருக்கும் குப்பைத் தொட்டிகளை ஒரு முறை பாருங்கள், ஸ்டேஷனிலும், பாரிஸ் என்றால் போலீஸ் துறையின் தொலைந்த பொருள் அலுவலகத்திலும் கேளுங்கள். ஆனால் தூதரகத்தில் தொலைந்ததாகப் பதிந்த பிறகு பழைய பாஸ்போர்ட் கைக்கு வந்தால் அதை வைத்துப் பயணம் செய்யாதீர்கள். அது ரத்தாகியிருக்கும், விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.